டிரெஸ்டன்: சேர்ந்துகொண்ட ஒரு பூஜ்யம்

கேள்வி: இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசியதால் இரண்டு லட்சம் பேர் மாண்டதாகப் படித்தேன், வேறோரிடத்தில் 25,000 என்றிருக்கிறது. எது சரி? இராணுவ முக்கியத்துவமே இல்லாத நகரம் என்பது உண்மையா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ஆவணங்களோடு ஒத்துப்போவது 25,000 என்ற கணக்குதான். 1945 பிப்ரவரி 13 இரவு பிரிட்டனின் ஏறத்தாழ 800 விமானங்கள், மூன்று மணி நேர இடைவெளியில் இரு அணிகளாக வந்து குண்டு வீசின. மறுநாள் பகலில் அமெரிக்க விமானங்கள் தொடர்ந்தன. பாதாள அறைகளில் தஞ்சம் புகுந்தவர்களில் பலர் தீயில் கருகி அல்ல, புகையிலும் நச்சுக்காற்றிலும் மூச்சுத் திணறியே இறந்தார்கள். புதைக்க அவகாசம் இல்லாததால், ஆல்ட்மார்க்ட் என்னும் பழைய சந்தைச் சதுக்கத்தில் இரும்புச் சட்டங்களை அடுக்கி, அவற்றின் மேல் 6,865 உடல்களை எரித்தார்கள்.

அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 20 வரை கிடைத்த உடல்கள் 20,204 என்றும், மொத்தம் 25,000 வரை எட்டக்கூடும் என்றும் நகரக் காவல்துறை ஆணை ஒன்று பதிவு செய்திருந்தது. பின்னர் பல ஆண்டுகள் கைமாறி வந்த பிரதியிலோ அவை 2,02,040 என்றும் 2,50,000 என்றும் இருந்தன; சதுக்கத்தில் எரிக்கப்பட்டவர்கள்கூட 68,650 ஆகியிருந்தார்கள். எல்லா எண்களின் கடைசியிலும் ஒரு பூஜ்யம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். நாஜிப் பிரசாரம் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் பரப்பிய பெருந்தொகைக்கு இந்தப் பொய்ப் பிரதி சான்றாகிவிட்டது. 1960களிலும் 1970களிலும் உண்மையான காவல்துறை ஆவணங்கள் வெளிவந்த பிறகும், பழைய எண்ணே பலர் வாயில் நிலைத்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பெயரோடும் முகவரியோடும் வாழ்ந்து மடிந்தவர்களை இப்படி மனம்போனபடி பெருக்கிச் சொல்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

டிரெஸ்டன் நகரம் அமைத்த வரலாற்றாசிரியர் குழு, கல்லறைப் பதிவுகளையும் இறப்புப் பதிவுகளையும் அகழாய்வு முடிவுகளையும் சரிபார்த்து, இறந்தவர்கள் அதிகபட்சம் 25,000 பேர் என்று 2010இல் அறிக்கை அளித்தது. தாழப் பறந்த விமானங்கள் தப்பியோடிய மக்களைச் சுட்டன என்ற நம்பிக்கையையும் அது ஆராய்ந்து பார்த்தது. சாட்சிகள் குறிப்பிட்ட இடங்களில் நிலத்தைத் துழாவித் தேடியும், அதற்குச் சான்றாகும் குண்டுகள் கிடைக்கவில்லை.

இராணுவ முக்கியத்துவம் இல்லை என்பதும் பிழை. கிழக்குப் போர்முனைக்குச் செல்லும் ரயில் பாதைகள் அங்கே சந்தித்தன. ஸைஸ் ஐகான் உள்ளிட்ட ஆலைகள் போர்க் கருவிகளைச் செய்தன. ஆனால், இதைச் சொல்லி அந்த இரவை நியாயப்படுத்துவோர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். பிரிட்டிஷ் விமானங்களுக்கு இலக்கின் தொடக்கப் புள்ளியாகக் குறிக்கப்பட்டது ஒரு விளையாட்டரங்கம். அங்கிருந்து விசிறிபோல் விரிந்த பரப்பில் அடங்கியது மக்கள் நெருங்கி வாழ்ந்த பழைய நகரமே தவிர, புறநகர் ஆலைகளோ வடக்கே இருந்த படை முகாம்களோ அல்ல. மார்ச் 28 அன்று சர்ச்சிலே, டிரெஸ்டனின் அழிவு நேச நாடுகளின் குண்டுவீச்சு முறை குறித்துக் கடுமையான கேள்வியை எழுப்புகிறது என்று படைத் தலைவர்களுக்குக் குறிப்பு எழுதினார்; அவர்கள் ஆட்சேபித்ததும் அதைத் திரும்பப் பெற்று, டிரெஸ்டனின் பெயரே இல்லாத வேறொரு குறிப்பை அனுப்பினார்.