தோல்முட்டை போட்ட கோழியை அறுக்கலாமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் ஐந்து சிறுவிடைக் கோழிகள் வளர்க்கிறோம். ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் ஒன்று முதல் முட்டை போட்டது. எலுமிச்சை அளவுகூட இல்லை. ஓட்டின் மேல் ரத்தக் கீற்று. இரண்டு நாள் கழித்து ஓடே இல்லாமல் தோல்முட்டை. ‘தோல்முட்டை போட்ட கோழி வீட்டுக்கு ஆகாது, அறுத்துவிடலாம்’ என்கிறார் மாமியார். மற்ற நான்கும் இன்னும் முட்டைக்கே வரவில்லை. சேவல் இல்லாததாலா?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அறுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் இதழ் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டுமே என்பதுதான் என் கவலை.

மாமியாரைக் குறை சொல்லமாட்டேன். என் அம்மாவும் தோல்முட்டையை வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார். முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வரச் சொல்வார். ஆனால் அதில் சகுனம் ஒன்றும் இல்லை. மஞ்சள் கரு கிளம்பி முழு முட்டையாக வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். புதிதாக முட்டைக்கு வந்த கோழிக்கு இந்தக் கணக்கு பிடிபடச் சில வாரம் ஆகும். ஓடு கட்டுவதற்குள் நழுவிவிட்டால் தோல்முட்டை. இரண்டு கரு சேர்ந்து கிளம்பினால் இரட்டைக் கரு. கருவே இல்லாமல் கோலிக்குண்டு அளவில் ஒன்று வருவதும் உண்டு. ரத்தக் கீற்று, வழி முதல்முறை விரிவதால் வருவது. நாலைந்து முட்டைக்குப் பிறகும் நிற்காவிட்டாலோ, பின்பக்கம் சதை வெளியே தள்ளியிருந்தாலோ, கோழியைத் தனியாகப் பிரித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தத்தைப் பார்த்தால் மற்ற கோழிகள் கொத்தாமல் விடாது.

ஒரு மாதம் தாண்டியும் தோல்முட்டையே வந்தால் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கிளிஞ்சலை நொறுக்கி ஒரு கொட்டாங்குச்சியில் தனியாக வையுங்கள். தேவைப்படுகிற கோழி தானே வந்து கொத்திக்கொள்ளும். தீவனத்தில் கலக்காதீர்கள், முட்டைக்கு வராத நான்குக்கும் அது வேண்டாத சுமை. முட்டை ஓட்டையும் போடலாம், ஆனால் காயவைத்து நன்றாகப் பொடித்த பிறகு. ஓட்டை ஓடாகவே பார்த்துப் பழகிய கோழி, நாளைக்குத் தன் முட்டையையே உடைத்துக் குடிக்கக் கற்றுக்கொள்ளும்.

சரி, மற்ற நான்கு. சேவலுக்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை. சேவல் குஞ்சுக்குத்தான் வேண்டும். சிறுவிடை ஆறு மாதத்தில் முட்டைக்கு வருவதே சரியான வயது, சில கோழி இன்னும் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும். வெளிறியிருந்த கொண்டையும் முகமும் சிவக்கிறதா பாருங்கள். முதுகில் கை வைத்தால் ஓடாமல், இறக்கையை லேசாக விரித்துப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டால் இன்னும் சில நாள்தான். அப்புறம் ஒவ்வொரு மூலையாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு முனகித் திரியும்.

ஏற்கெனவே எங்கேயாவது போட்டுக்கொண்டிருக்கவும் கூடும். எங்கள் கருப்புக் கோழி இன்னும் முட்டைக்கு வரவில்லை என்று பதினைந்து நாள் நம்பிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணிக்குத் தென்னை மட்டைக் குவியலுக்குப் பின்னால் கொக்கரிப்பு கேட்டுப் போய்ப் பார்த்தால், ஒன்பது முட்டை. மேலே கிடந்தது அப்போதுதான் போட்டது. ஈரப் பளபளப்பு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து மங்கியது. அந்தப் பூச்சுதான் கிருமி உள்ளே போகாமல் காப்பது, அதனால் எடுத்து வைக்கும் முட்டையைக் கழுவாதீர்கள். எப்போது போட்டது என்று தெரியாத முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

இருட்டு மூலையில் ஒரு பழைய கூடை, கொஞ்சம் வைக்கோல், உள்ளே ஒரு டேபிள் டென்னிஸ் பந்து. இது போதும். பந்தை முட்டை என்று நம்பி அங்கேயே வந்து போடும். மூன்று கூடை வைத்தாலும் ஒன்றுக்குத்தான் ஐந்தும் சண்டை போடும்.

பழகிய பிறகும் தினமும் முட்டை எதிர்பார்க்காதீர்கள். நாமக்கல் பண்ணைக் கோழி வருஷத்துக்கு 300 முட்டை போடும். சிறுவிடை 60, 80 போட்டாலே அதிகம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நேரம் தள்ளித் தள்ளிப் போட்டு, நடுவில் ஒருநாள் விடும். பத்துப் பன்னிரண்டு முட்டை ஆனதும் சிலிர்த்துக்கொண்டு, கை நீட்டினால் கொத்த வரும். அடைக்கு உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். சேவல் இல்லாத உங்கள் வீட்டு முட்டையில் குஞ்சு வராது. பக்கத்து வீட்டில் சேவலோடு திரியும் கோழியின் முட்டையை வாங்கி வைத்தால் 21 நாளில் பொரிக்கும். வேண்டாம் என்றால் கூடையை எடுத்துவிட்டு, அடியில் காற்றோட்டமான கம்பிக் கூண்டில் மூன்று நான்கு நாள் தீவனமும் தண்ணீரும் வைத்து அடையுங்கள், தெளிந்துவிடும். ஐந்தும் ஒரே நேரத்தில் அடைக்கு உட்கார்ந்தால் கடை முட்டைதான். போன ஆடியில் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.