ஜப்பான் கல்யாணத்துக்கு மொய் எவ்வளவு வைக்கணும்?

கேள்வி: கவாசாகில ஐடி வேலைல இருக்கேன். டீம்ல இருக்குற ஜப்பான்கார நண்பர் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கார். எவ்வளவு பணம் வைக்கணும்? ஊர்ல இருந்து கொண்டுவந்த குத்துவிளக்கை மேடைல கொடுக்கலாமா? மனைவியைக் கூட்டிட்டுப் போலாமா, என்ன புடவை கட்டலாம்? நாங்க வெஜிடேரியன்.

பதில்: முதல்ல பத்திரிகைல யார் பேர் இருக்குன்னு பாருங்க. உங்க பேர் மட்டும் இருந்தா நீங்க மட்டும்தான் போகணும். நம்ம ஊர்ல பத்திரிகை வந்தா வீடே கிளம்பிடும், அங்க ஒவ்வொரு சீட்டுக்கும் பேர் எழுதின அட்டை வச்சு, தலைக்கு இவ்வளவுன்னு சாப்பாடும் கிளம்பும்போது கொடுக்குற பரிசும் ஏற்பாடு பண்ணியிருப்பாங்க, கூட ஒரு ஆள் வந்து நின்னா அந்த வீட்டுக்காரங்க ரொம்ப சங்கடப்படுவாங்க. பதில் கார்டை சீக்கிரம் அனுப்பிடுங்க, வெஜிடேரியன்னு அதுலயே எழுதுங்க. சூப்புல மீன் சாறான தாஷி கூட வேண்டாம்னும் சேர்த்து எழுதணும், அதை அங்க யாரும் அசைவமா நினைக்கிறதில்ல.

பணம், கூட வேலை செய்றவங்க, நண்பர்கள்னா 30,000 யென். தம்பதியா ரெண்டு பேரையும் கூப்பிட்டிருந்தா பெரும்பாலும் 50,000 வைப்பாங்க. ரெண்டா பிரிக்க முடியுற தொகை தம்பதியைப் பிரிக்கும்னு ஒரு நம்பிக்கை, அதான் மூணு, அஞ்சுன்னு வைக்கிறாங்க, நாலும் ஒன்பதும் சாவு, கஷ்டம்ங்குற மாதிரி காதுல விழும்ங்குறதால அதையும் தொடமாட்டாங்க. 1001 வச்ச பழக்கத்துல ஒரு யென் சேர்த்துடாதீங்க, காசு போடுற வழக்கமே அங்க இல்ல. பத்தாயிரம் யென் நோட்டு மூணு, பேங்க்ல மாத்தின புது நோட்டா இருக்கணும். சாவு வீட்டுக்குத்தான் புது நோட்டு கூடாது, முன்னாடியே எதிர்பார்த்து எடுத்து வச்ச மாதிரி ஆயிடும்.

கவர்லதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. கன்வீனியன்ஸ் ஸ்டோர்லயே ஷூகிபுகுரோன்னு கிடைக்கும், ஆனா அழகைப் பார்த்து எடுக்காதீங்க, முடிச்சைப் பாருங்க. ஷூ லேஸ் மாதிரி இழுத்தா அவிழுற முடிச்சு குழந்தை பொறந்ததுக்கு, அது எத்தனை தடவை வேணா நடக்கலாம். கல்யாணம் ஒரு தடவைதான்ங்குறதால அவிழ்க்கவே முடியாத முசுபிகிரி முடிச்சு போட்டதுதான் வேணும். பின்பக்கம் கீழ் மடிப்பு மேல் மடிப்புக்கு மேல வரணும், மாத்தி மடிச்சா அது துக்கத்துக்கு. கவரை ஃபுகுசாங்குற துணில சுத்திக் கொண்டுபோய் வாசல் மேஜைல கொடுத்துட்டு, ரெண்டு வார்த்தை வாழ்த்து சொல்லி, அங்க வச்சிருக்குற வருகைப் பதிவு நோட்டுப் புத்தகத்துல பேர் எழுதிட்டு உள்ள போங்க. ஹொக்கைடோல நடக்குற கல்யாணம்னா ஆளுக்கு இவ்வளவு கட்டணம்னு பத்திரிகைலயே போட்டிருப்பாங்க, அதை மட்டும் கொடுத்தா போதும், இந்தக் கவர் வேலையே இல்ல.

மேடைல ஏறி பரிசு கொடுக்குற பழக்கம் அங்க இல்ல. குத்துவிளக்கு அருமையான பரிசு, கண்டிப்பா கொடுங்க, ஆனா முன்னாடியே அவங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க, கல்யாணத்தன்னைக்கு அவங்களால அதைத் தூக்கிட்டு அலைய முடியாது.

மனைவி பேரும் பத்திரிகைல இருந்தா பட்டுப்புடவை தாராளமா கட்டலாம், அவங்களும் ரசிப்பாங்க. வெள்ளை, கிரீம், கேரளா கசவு மட்டும் வேண்டாம், அது பொண்ணோட நிறம். உங்களுக்கு டார்க் சூட், வெள்ளை இல்லன்னா சில்வர் டை, கறுப்பு டை துக்கத்துக்குத்தான்.

சர்ச் மாதிரி ஹால்ல நடந்தாலும் ஷின்டோ கோயில்ல நடந்தாலும் இதெல்லாம் ஒண்ணுதான். கோயில் கல்யாணத்தை ஆதிகாலத்து வழக்கம்னு நினைக்கிறாங்க, ஆனா 1900ல பட்டத்து இளவரசர் யோஷிஹிதோ கல்யாணம் நடந்த பிறகுதான் அது பொதுமக்கள்கிட்ட பரவுச்சு. உங்களைப் பேசச் சொன்னா வெட்டுறது, பிரியறது, முடியறது, திரும்பிப் போறதுங்குற வார்த்தையெல்லாம் தவிருங்க, ஒரே சொல்லை அடுக்கியும் சொல்லாதீங்க, ரெண்டாம் கல்யாணத்தை ஞாபகப்படுத்தும்னு பெரியவங்க நினைப்பாங்க.

கிளம்பும்போது ஒரு பை கொடுத்தா வேண்டாம்னு சொல்லாம வாங்கிக்குங்க. உள்ள பெரும்பாலும் பாம்குஹென் கேக் இருக்கும், மரத்தோட வளையம் மாதிரி அடுக்கடுக்கா வளரட்டும்னு கொடுக்குறது. அதுல முட்டை உண்டு, சாப்பிடமாட்டீங்கன்னா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துடுங்க.