புகையில் 16 சதவீத ஆக்சிஜனா? பழுது சென்சாரில் இல்லை

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பழக்கூழ் ஆலை நடத்துகிறேன். விறகு பாய்லர். புகைபோக்கியில் லேசர் வகை ஆக்சிஜன் சென்சார் பொருத்தியிருக்கிறோம். அது 15, 16 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. கைக்கருவியால் அளந்தவர் 7 என்கிறார். கண்ணாடியில் கரி படியாமலிருக்க ஊதும் பர்ஜ் காற்றை எங்கள் கம்ப்ரஸரிலிருந்தே கொடுக்கிறோம். “சென்சார் போய்விட்டது, புதிது வாங்குங்கள்” என்கிறார் விற்றவர். வாங்கலாமா? அல்லது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அந்தச் சென்சார் தன் வேலையை ஒழுங்காகவே செய்கிறது. ஆக்சிஜனை அளக்கும் கருவிக்கு முன்னால் ஆக்சிஜனையே ஊதிக்கொண்டிருக்கிறீர்கள்.

லேசர் ஒரு பக்கக் கண்ணாடியில் புறப்பட்டு மறுபக்கக் கண்ணாடியை அடையும் வரை வழியில் இருக்கும் ஆக்சிஜன் முழுவதையும் எண்ணும். அது புகையில் இருக்கிறதா, கண்ணாடி பொருத்திய குழாய்க்கழுத்தில் இருக்கிறதா என்று பார்க்காது. புகைபோக்கியின் அகலம் 600 மில்லிமீட்டர், இரண்டு பக்கக் கழுத்தும் தலா 100 என்று வைத்துக்கொள்வோம். புகையில் 7 சதவீதம் என்றால் 600 × 7 = 4,200. கழுத்தில் நிற்பது கம்ப்ரஸர் காற்று, அதில் ஆக்சிஜன் 20.9 சதவீதம்; 200 × 20.9 = 4,180. கருவியோ இரண்டையும் கூட்டி, புகையின் அகலமான 600ஆல் வகுக்கிறது. ஆக, அளவு அப்படியே இரட்டிப்பாகி 14 ஆகிறது. பர்ஜ் காற்று புகையைவிடக் குளிர்ந்தது, அடர்த்தி கூடியது என்பதால் இன்னும் ஏறும். உங்கள் 16க்கு விளக்கம் இதுவாகவே இருக்க வேண்டும்.

சோதிக்க அதிகச் செலவில்லை. ஒரு நைட்ரஜன் சிலிண்டரை வாடகைக்கு எடுத்து, இரு பக்கக் குழாயையும் அதில் மாட்டி, பாய்லர் ஓடும்போது அரை மணி நேரம் விடுங்கள். எண் 7 பக்கம் இறங்கினால் விற்றவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சிலிண்டர் வெளியே, காற்றோட்டத்தில் நிற்கட்டும். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. மூடிய அறையில் கசிந்தால் ஆள் மயங்கி விழும்வரை தெரியாது.

அப்படியானால் நைட்ரஜனே நிரந்தரமா? இங்கேதான் விற்பவர்கள் வாய் திறப்பதில்லை. ஒரு பக்கத்துக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றாலே மணிக்கு 1,200 லிட்டர். பெரிய சிலிண்டர் ஒன்றில் 7 கனமீட்டர் இருக்கும். ஆறு மணி நேரம்கூடத் தாங்காது. சீசனில் இரவு பகலாக ஓடும் ஆலைக்கு ஒரு நாளைக்கு நான்கு சிலிண்டர் போதாது. காற்றிலிருந்து நைட்ரஜன் பிரிக்கும் இயந்திரம் வாங்கலாம், அது தனிச் செலவு. பர்ஜ் காற்றின் ஆக்சிஜனைக் கணக்கில் கழிக்கும் வசதி சில கருவிகளில் உண்டு. ஆனால் பர்ஜ் ஓட்டம் மாறினால் கழிக்கும் அளவும் தப்பாகும். உங்கள் அளவு பாய்லருக்கு சிர்கோனியா வகைச் சென்சாரே (சூடான பீங்கான் துண்டால் ஆக்சிஜனை அளப்பது) போதும் என்பது என் கருத்து. அதில் கண்ணாடியும் இல்லை, நைட்ரஜனும் வேண்டாம். ஒப்பீட்டுக்குச் சுத்தமான சாதாரணக் காற்று போதும்.

எந்த வாயுவை ஊதினாலும் அதில் எண்ணெயும் ஈரமும் இருக்கக் கூடாது. கம்ப்ரஸர் குழாயின் முனையில் வெள்ளைத் துணியை ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள்; மஞ்சள் கறை படிந்தால் அதே கறைதான் உங்கள் கண்ணாடியிலும். பாய்லரை நிறுத்தியவுடன் கம்ப்ரஸரையும் அணைக்கும் பழக்கத்தை விடுங்கள். புகைபோக்கி ஆறும்வரை பர்ஜ் ஓட வேண்டும். மாங்காய் வரத்து நின்றதும் சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டு, துளையை மூடித்தகட்டால் அடைத்துவிடுங்கள்.

ஆணையத்தைப் பொறுத்தவரை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. கூழ் ஆலைக்கு அது பொருந்துவது கடினம். 1930 பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு உங்களுக்கு உதவலாம்: எதற்காக வாங்குகிறீர்கள் என்று சொல்லி, விற்பவரின் தேர்ச்சியை நம்பி வாங்கியிருந்தால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ‘விறகு பாய்லர் புகையில் ஆக்சிஜன் அளக்க’ என்று கொள்முதல் ஆணையில் எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் எடுத்துப் பாருங்கள். இருந்தால், சிலிண்டர் சோதனையின் எண்களோடு விற்றவருக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள்.

கேள்வி: தர்மபுரியில் புளி வைக்கும் குளிர்பதனக் கிடங்கு நடத்துகிறேன். அம்மோனியா சென்சாருக்கு உதிரி செல் மலிவாகக் கிடைத்ததென்று இரண்டு வாங்கி வைத்திருந்தேன். இப்போது மாட்டினால் அளவே காட்டவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: மின்வேதியியல் செல் (வாயு பட்டதும் உள்ளே வேதிவினை நடந்து மின்சாரம் தருவது) என்றால், அது பெட்டிக்குள் இருந்தாலும் வயதாகும். பெரும்பாலும் ஆயுளே இரண்டு, மூன்று ஆண்டுதான். உறையில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். மலிவு விலையின் காரணம் அங்கேயே இருக்கலாம். இனி தேவைப்படும்போது ஒன்று வாங்குங்கள், தேதியைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மாட்டியதும் அளவு குறித்த சோதனை வாயுவைக் காட்டிப் பாருங்கள். அம்மோனியா பாட்டிலைத் திறந்து முகத்தருகே நீட்டும் வேலை வேண்டாம், அதிலேயே செல் கெட்டுவிடும்.