சைலன்ஸரை மாற்றினால் வண்டி இழுக்குமா?

கேள்வி: கம்பத்தில் ஏலத்தோட்ட வேலைக்கு இசுஸு வி-கிராஸ் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். 2022 மாடல், 1.9 லிட்டர் டீசல். ஆளும் உரமும் ஏற்றிக்கொண்டு மெட்டு (மலைப்பாதை) ஏறும்போது முன்பு போல இழுவை இல்லை. சைலன்ஸரையும், புகையில் வரும் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரையும் எடுத்துவிட்டு மூன்று இஞ்ச் நேர்க்குழாய் போட்டால் முப்பது குதிரைத்திறன் கூடும் என்கிறார் ஒர்க்‌ஷாப்காரர். செய்யலாமா?

பதில்: நீங்கள் எழுதியதில் ‘முன்பு போல’ என்பதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் எஞ்சின் 163 பிஎஸ் (குதிரைத்திறன்) திறனும் 360 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசை) தரக்கூடியது. அந்த டார்க் 2000 முதல் 2500 ஆர்பிஎம்முக்குள்ளேயே முழுதாகக் கிடைத்துவிடும். புதிதாக இருந்தபோது இதே சைலன்ஸரோடுதான் மெட்டு ஏறியது. இப்போது ஏறவில்லை என்றால் இடையில் ஏதோ கெட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் குழாயை மாற்றுவது வீண் செலவு.

குழாய் மாற்றினால் பவர் கூடும் என்ற பேச்சு டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சின்களில் இருந்து வந்தது. அங்கே குழாயின் நீளமும் விட்டமும் நிஜமாகவே வித்தியாசம் காட்டும். டர்போ டீசலில் புகை வெளியேறும் வழியிலேயே டர்போவின் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுத்தான் வருகிறது. எவ்வளவு காற்றழுத்தம், எவ்வளவு டீசல் என்பதை எஞ்சினின் கணினியான இசியு தீர்மானிக்கிறது. பின்னால் குழாயை அகலமாக்கினாலும் அது பழைய கணக்குப்படிதான் டீசல் விடும். சத்தம் கூடும், சத்தம் கூடினால் வேகம் கூடியது போல ஒரு மயக்கம் வரும், அவ்வளவுதான்.

அப்படியானால் அந்த முப்பது? டிபிஎஃப்பை எடுத்தால் எச்சரிக்கை விளக்கு எரியும், இசியு பவரைக் குறைத்துவிடும். அதை ஏமாற்ற ரீமேப் செய்தே, அதாவது இசியுவில் உள்ள கணக்கை மாற்றி எழுதியே ஆக வேண்டும். அதோடு டீசல் அளவையும் கூட்டி எழுதிவிடுவார்கள். பவர் வருவது அதில். பெயர் மட்டும் குழாய்க்கு.

முதலில் டிபிஎஃப்பையே பாருங்கள். அது கரித்துகளைப் பிடித்துவைத்து, சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அந்தச் சூடு நீடிப்பதில்லை. பாதியில் எஞ்சினை நிறுத்தினால் கரி தங்கிவிடும், புகைக்கு வழி அடைபடும், இழுவை குறையும். இன்னொரு அடையாளம் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் தெரியும்: ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருந்து, டீசல் வாடையும் அடித்தால், எரிப்பு பாதியில் நின்று டீசல் போய் எஞ்சின் ஆயிலில் இறங்குகிறது என்று அர்த்தம். உடனே ஆயிலை மாற்றிவிடுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் இசியுவைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டி, டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதிகமாக இருந்தால் ஸ்கேனர் வழியாகவே சுத்திகரிப்பை ஓடவைக்கலாம். சரியாக இருந்தால் அப்புறம் ஏர் ஃபில்டர், இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பும் வால்வு), இன்டர்கூலர் ஹோஸ் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பகுதியின் குழாய்) என்று வரிசையாகப் பாருங்கள். ஹோஸ் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, தூசி அப்பியிருந்தால் அங்கே காற்று கசியக்கூடும். கிளிப்பை இறுக்கினாலே பழைய இழுவை திரும்பிய வண்டிகள் உண்டு.

டிபிஎஃப்பை எடுப்பது சட்டப்படியும் தவறு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. புகை, இரைச்சல் விதிகளை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் போகும். வாரண்டி பாக்கி இருந்தால் அதிலும் தகராறுதான். பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த உங்கள் வண்டியின் புகைக்குழாய் உள்பக்கத்தை விரலால் துடைத்தால் கரி ஒட்டவே கூடாது. விரல் கறுத்தால், நாளை விற்கும்போது வாங்க வருபவரே டிபிஎஃப் இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார்.

பழைய சைலன்ஸர் துருப்பிடித்து எப்படியும் மாற்ற வேண்டும் என்றால், டிபிஎஃப்புக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும், ஒரிஜினல் அளவிலேயே போடுங்கள். வளைவுகள் நசுங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். நசுங்கிய இடத்தில் குழாய் குறுகிவிடும். சைலன்ஸரே இல்லாமல் விட்டால் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது கேபினுக்குள் ஒரு ரீங்காரம் நிற்காமல் கேட்கும். திண்டுக்கல் போய்ச் சேர்வதற்குள் தலைவலி வந்துவிடும்.