தஞ்சாவூரில் விமான நிலையம் இருக்கிறதா? அங்கிருந்து சென்னைக்கு விமானம் ஏறலாமா?

ஓடுபாதை இருக்கிறது, விமானங்களும் ஏறி இறங்குகின்றன. ஆனால் நாம் டிக்கெட் எடுத்து ஏற முடியாது. புதுக்கோட்டை சாலைப் பக்கம் இருப்பது விமானப்படைத் தளம். டெல்டாக்காரர்களுக்கு இன்றைக்கும் திருச்சிதான் ஏர்போர்ட்.

"தஞ்சாவூர்லயே ஓடுபாதை கிடக்கு, எதுக்குத் திருச்சிக்கு அலையணும்?" என்று எங்கள் பக்கம் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பேசிக்கொள்வார்கள். நியாயமான ஆதங்கம். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்ட விமானத் தளம் அது. 1990-களின் தொடக்கத்தில் அரசின் வாயுதூத் நிறுவனம் இங்கிருந்து சென்னைக்கு விமானம் விட்டது. போதுமான ஆள் சேராமல் அது நின்றுபோனது. அந்த நிறுவனமே 1993-ல் இந்தியன் ஏர்லைன்ஸோடு சேர்ந்துவிட்டது. அதன் பிறகு பயணிகள் விமானம் வரவில்லை. 2013 மே 27-ல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி இதை முழு அளவிலான விமானப்படைத் தளமாகத் திறந்து வைத்தார். 2020 ஜனவரி 20-ல் சுகோய்-30 போர் விமானங்களோடு 222-ஆவது படைப்பிரிவு இங்கே வந்தது. தென்னிந்தியாவில் சுகோய்க்கு இதுதான் முதல் தளம். பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கும் விமானங்கள் என்பதால், இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்க இந்த இடம் முக்கியமாகிவிட்டது.

தஞ்சாவூரில் இருப்பவர்களுக்கு இந்தப் போர் விமானங்களின் சத்தம் பழக்கம். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அதிரும். மொட்டை மாடிக்கு ஓடிப்போய்ச் சத்தம் வரும் திசையில் பார்த்தால் வெறும் வானம்தான் இருக்கும், விமானம் அதற்குள் வெகுதூரம் போயிருக்கும்.

படைத்தளம் என்பதால் பயணிகள் விமானமே வரக் கூடாது என்றில்லை. புனேயிலும் சண்டிகரிலும் விமானப்படையின் ஓடுபாதையில்தான் பயணிகள் விமானங்களும் இறங்குகின்றன. வேலிக்கு வெளியே விமான நிலைய ஆணையம் தனியாக ஒரு முனையம் கட்டும். பயணிகள் அந்தப் பக்கமாக வந்து போவார்கள். விமானம் மட்டும் இணைப்புப் பாதை வழியாக ஓடுபாதைக்குப் போகும். எந்த நேரத்தில் இறங்கலாம், எப்போது காத்திருக்க வேண்டும் என்பது விமானப்படையின் கையில். சிறு நகரங்களுக்கும் விமானம் விடுவதற்கான மத்திய அரசின் உடான் திட்டத்தில் தஞ்சாவூர் பெயரும் சேர்க்கப்பட்டது. ஆனால் நிலம், முனையம், அணுகுசாலை, விமானம் விட முன்வரும் ஒரு நிறுவனம் எல்லாம் ஒன்றாகக் கூடி வந்தால்தான் காரியம் நடக்கும். சேலத்தைப் பாருங்கள்: 2018-ல் விமானம் வந்தது, 2021-ல் நின்றது, 2023-ல் திரும்பவும் தொடங்கியது.

என் கருத்தைக் கேட்டால், தஞ்சாவூருக்குப் பயணிகள் விமானம் கட்டாயம் வேண்டும். தஞ்சாவூர் நகரத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இங்கிருந்து திருச்சி ஏர்போர்ட் 60 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால், வேதாரண்யம் பக்கத்து ஆட்களை நினைத்துப் பாருங்கள். உடம்பு முடியாத பெரியவரைக் காரில் உட்காரவைத்து திருச்சி வரை கொண்டுபோவதற்குள் பாதி உயிர் போய்விடும்.

அதே சமயம் திருச்சியின் இடத்தைத் தஞ்சாவூர் பிடித்துவிடாது. மன்னார்குடி, கூத்தாநல்லூர், பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு என்று டெல்டா முழுக்க சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் பிழைக்கிறவர்கள் அதிகம். திருச்சியில் பல ஆண்டுகளாகவே உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள்தான் அதிகம். வாசலில் போய் நின்றால் தெரியும். வேனை அமர்த்திக்கொண்டு குடும்பமே வழியனுப்ப வந்திருக்கும். எடை கூடிவிட்டது என்று அட்டைப்பெட்டியைப் பிரித்து முறுக்கு டப்பாவை வெளியே எடுப்பார்கள், இட்லிப்பொடியை மட்டும் எப்படியாவது உள்ளே திணித்துவிடுவார்கள். 2012-ல் பன்னாட்டு விமான நிலையமான திருச்சியில், 2024 ஜூன் 11 முதல் புதிய முனையம் இயங்குகிறது. சுமார் 75,000 சதுர மீட்டர், ஆண்டுக்கு 44 லட்சம் பேரைக் கையாளும் அளவு. பழைய முனையத்தின் நெரிசலில் நின்றவர்களுக்கு அந்த அருமை புரியும்.

சரி, இப்போதைக்கு என்ன செய்வது? தஞ்சாவூரிலிருந்து திருச்சிப் பேருந்தில் ஏறி டி.வி.எஸ். டோல்கேட்டில் இறங்குங்கள். அங்கிருந்து புதுக்கோட்டை சாலையில் போகும் பேருந்தோ ஆட்டோவோ பிடித்தால் ஏர்போர்ட் வாசலுக்கே போய்விடலாம். வெளிநாட்டுப் பயணம் என்றால் மூன்று மணி நேரம் முன்னதாகவே அங்கே இருங்கள். சென்னை மட்டும்தான் என்றால் விமானத்தை யோசிக்காதீர்கள். ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறிப் படுத்தால் விடியற்காலையில் சென்னை.