கேள்வி – பதில்: கண்ணாடியோடு ஒட்டிய படம்

கேள்வி: 2009இல் இடம்பெயர்ந்தபோது படங்களைப் பொலித்தீனில் சுற்றிப் புதைத்துவிட்டுப் போனோம். மீளக்குடியேறித் தோண்டி எடுத்ததில் அப்பாவின் ஸ்ரூடியோப் படம் ஒன்றுதான் உருப்படியாகக் கிடைத்தது. சாமி அறையில் மாட்டியிருந்தோம். இந்த மாரியில் அது கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. வேறு சில சின்னப் படங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. எப்படிப் பிரிப்பது? — வாசகி, கிளிநொச்சி

பதில்: அப்பாவின் படத்தைப் பிரிக்கவே வேண்டாம். படத்தின் மேலே இருப்பது ஜெலற்றின் படலம். ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியில் நிற்கும், கையில் வெறுந்தாள்தான் வரும். முதலில் பிரதி எடுங்கள். சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, விறாந்தை நிழலில் பக்கவாட்டு வெளிச்சத்தில் வையுங்கள். ஃபிளாஷ் கூடாது. கைத்தொலைபேசி எடுப்பவருக்குப் பின்னால் இன்னொருவர் கறுப்புத் துணியை விரித்துப் பிடித்தால் கண்ணாடியில் உங்கள் உருவம் விழாது. வெளிநாட்டு உறவுகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டொக்கியுமென்ற் ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும்.

சின்னப் படங்களின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நிறம் கரைந்தாலோ, பூஞ்சணம் பிடித்திருந்தாலோ தண்ணீரில் போடாதீர்கள். பூஞ்சணம் தின்ற ஜெலற்றின் தண்ணீரில் கரைந்தே போகும். மற்றவற்றை ஒரு தட்டில், மூழ்கும் அளவு தண்ணீரில் அரை மணி நேரம் ஊற விடுங்கள். வன்னிக் கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்பு அதிகம், காய்ந்தால் வெள்ளைப் படிவு நிற்கும். வடித்த மழைத்தண்ணீர் நல்லது. பற்றரிக்கு ஊற்றும் வடிநீரும் சரி, ஆனால் பற்றரி அசிற்றை மாறி வாங்கிவிடாதீர்கள். படங்கள் தாமாக வழுக்கி விலக வேண்டும். நகத்தால் நெம்ப வேண்டாம். விலகாவிட்டால் இன்னும் கொஞ்சம் ஊறட்டும், ஆனால் இரவு முழுக்க விடாதீர்கள், படலம் தாளை விட்டுக் கழன்றுவிடும். முகம் மேலே தெரிய, வெள்ளைப் பருத்தித் துணியில் நிழலில் உலர்த்துங்கள். பத்திரிகைத் தாளில் வைத்தால் மை ஏறும்.

புதுப் பிரதிக்குச் சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில், நான்கு ஓரமும் மட்டைக் கீற்று வைக்கச் சொல்லுங்கள். பூமாலையில் தெளிக்கும் தண்ணீர் மேல் விளிம்பால் உள்ளே இறங்குவதுதான் பெரும்பாலும் வினை. ஈரம் உதறிய பிறகு மாலையைப் போடுங்கள். சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின் நடுவில் மட்டும்.

கேள்வி: அண்ணாவின் படமும் இல்லை, இறந்த திகதியும் தெரியாது. திவசம் எப்படிச் செய்வது? — வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: படம் சடங்குக்குத் தேவையே இல்லை, பெயர் போதும். கோத்திரம் தெரியாதவர்கள் சிவகோத்திரம் என்று சொல்வது வழக்கம். மாதம் தெரிந்தால் அந்த மாத அமாவாசையில் செய்யுங்கள். அதுவும் தெரியாவிட்டால் புரட்டாசி மகாளய அமாவாசை எல்லாருக்கும் பொது. தகப்பனுக்கு ஆடி அமாவாசையும் தாய்க்குச் சித்திராப் பௌர்ணமியும் எப்படியும் இருக்கின்றன.

உங்கள் அண்ணா காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால், திவசம் செய்யச் சொல்லி அம்மாவை யாரும் வற்புறுத்தக் கூடாது. பெயரும் நட்சத்திரமும் சொல்லி அவர் பிறந்த நட்சத்திரத்தன்று அர்ச்சனை செய்யலாம். அது உயிரோடு இருப்பவருக்குச் செய்வது.