கப்பல் கவிழாது, டாய்லெட்தான் அடைக்கும்

போன இதழில் சொகுசுக் கப்பல் பயணம் பற்றி ரெண்டு வரி எழுதினேன், அவ்வளவுதான், கேள்விகள் குவிந்துவிட்டன. 11 வருடம் கப்பல் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு ஏந்தியவன் என்ற தகுதியில்தான் பதில் சொல்கிறேன். டாக்டரிடமும் வக்கீலிடமும் கேட்க வேண்டியதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: சிங்கப்பூரிலிருந்து 4 நாள் கப்பலுக்கு மகன் டிக்கெட் போட்டிருக்கிறான். இத்தாலியில் ஒரு கப்பல் சாய்ந்து கிடந்த படத்தை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பப்போக, மனைவி வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். என்ன சொல்லி அழைத்துப் போவது? – வாசகர், தஞ்சாவூர்

அது கோஸ்டா கான்கார்டியா. 2012 ஜனவரி 13 ராத்திரி, ஜிலியோ என்ற தீவுக்குப் பக்கத்தில், 4,229 பேரோடு பாறையில் இடித்தது, 32 பேர் இறந்தார்கள். புயல் கிடையாது, கடலும் அமைதி. தீவுக்காரர்களுக்கு வணக்கம் வைக்கிற மாதிரி கரையை ஒட்டி ஓட்டிக் காட்டப்போய் நடந்த விபத்து அது. கப்பலை விட்டு இறங்கச் சொல்லி உத்தரவு வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, பயணிகள் எல்லோரும் இறங்குவதற்கு முன்பே கேப்டன் கரையேறிவிட்டார். அதற்கெல்லாம் சேர்த்து அவருக்கு 16 வருடம் சிறை.

உங்கள் மனைவியிடம் நான் சொல்வதாக இருந்தால் இதைச் சொல்வேன். அன்றைக்குச் சாயங்காலம் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய சுமார் 700 பேருக்கு, ஆபத்து வந்தால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று காட்டுகிற மஸ்டர் டிரில் நடக்கவே இல்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய சட்டம், மறுநாள் நடத்துவதாக இருந்தார்கள், மறுநாள் கப்பல் படுத்திருந்தது. 2015லிருந்து கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதியையே மாற்றிவிட்டார்கள். இப்போது பல கப்பல்களில் போனிலோ கேபின் டிவியிலோ ஒரு வீடியோ, அப்புறம் உங்களுக்கான இடத்துக்கு நேரில் போய் அட்டையைக் காட்டினால் வேலை முடிந்தது. அந்த வீடியோவைத் தள்ளித் தள்ளி விட்டுவிட்டு பஃபேவுக்கு ஓடுகிறவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். நீங்கள் ரெண்டு பேரும் நடந்தே போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், லிஃப்டில் வேண்டாம், படியில். ஏழு குட்டைச் சங்கு, ஒரு நீளச் சங்கு ஊதினால் அங்கே போக வேண்டும். இது தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும், மீதி பாதி முதல் நாள் ஐஸ்கிரீமில் போய்விடும்.

கே: கப்பலில் கரண்ட் போய் ஜனங்கள் பையில் மலம் கழித்தார்கள் என்று படித்தேன். நிஜமா? – வாசகி, கோயம்புத்தூர்

நிஜம்தான். கார்னிவல் டிரையம்ஃப், 2013 பிப்ரவரி. அமெரிக்காவின் கால்வெஸ்டனில் கிளம்பிய 4 நாள் பயணம், மெக்சிகோவின் கோசுமெல் வரை போய்த் திரும்பும் வழியில் 10ஆம் தேதி எஞ்சின் ரூமில் தீ. ஜெனரேட்டர் 6 இருந்தது, அதில் ஒன்றின் எரிபொருள் குழாய் கசிந்ததுதான் காரணம். தீயை ஊழியர்கள் அணைத்துவிட்டார்கள், யாருக்கும் பெரிதாக அடிபடவில்லை. ஆனால் வெந்துபோன கேபிள்களால் கப்பல் மொத்தத்துக்கும் மின்சாரம் போனது. 4,200 பேருக்கு மேல் உள்ளே.

நம் வீட்டு டாய்லெட்டில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போய்விடும். கப்பல் டாய்லெட் அப்படி இல்லை, காற்றை உறிஞ்சி இழுக்கிற வகை, அந்த உறிஞ்சலுக்கு பம்ப் ஓட வேண்டும், பம்ப் ஓட கரண்ட் வேண்டும். பம்ப் நின்றதும் எல்லாம் நின்றது. சிறுநீருக்குக் குளிக்கிற இடம், மற்றதுக்குச் சிவப்புப் பை என்று சொல்லிக் கொடுத்தார்கள். கப்பல் ஒரு பக்கமாகச் சாயும்போது குழாய்களில் தேங்கியது நடைபாதைக்கு வந்தது என்று பயணிகள் சொன்னார்கள், இதற்கு மேல் நான் எழுதவில்லை, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம். முதலில் மெக்சிகோ பக்கம் இழுத்துப் போகத்தான் திட்டம். அதற்குள் நீரோட்டம் கப்பலை வடக்கே தள்ளிவிட, அலபாமாவின் மொபைல் துறைமுகத்துக்கு இழுவைப் படகுகள் கொண்டுவந்து சேர்த்தபோது 14ஆம் தேதி ராத்திரி. டிக்கெட் பணம் திரும்ப, ஆளுக்கு 500 டாலர், அப்புறம் இன்னொரு பயணத்துக்குச் சலுகை! அந்த மூன்றாவதை எத்தனை பேர் வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்று நான் இன்னும் யோசிப்பதுண்டு.

இப்போது உங்களுக்குப் பயன்படுகிற விஷயம். டிரையம்ஃப் 1999இல் வந்த கப்பல். 2010 ஜூலைக்குப் பிறகு கட்டத் தொடங்கிய பெரிய பயணிகள் கப்பல்கள், ஓர் எஞ்சின் ரூம் எரிந்தாலும் மற்றதை வைத்துக்கொண்டு சொந்த பலத்தில் துறைமுகம் திரும்ப வேண்டும், டாய்லெட் உள்பட அடிப்படை வசதி ஓட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகவே டிக்கெட் போடும்போது நீச்சல் குளம் எத்தனை என்று கேட்கிற அதே வாயால் கப்பலுக்கு என்ன வயது என்றும் கேளுங்கள். புதுக் கப்பலென்றால் கவலையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். வைகிங் ஸ்கை 2017இல் வந்த கப்பல், 2019 மார்ச்சில் நார்வே கரையோரம் புயலில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்கள் எல்லாம் நின்றுபோயின. தொட்டிகளில் லூப்ரிகேஷன் ஆயில் குறைவு, கப்பல் உருண்டதில் இருந்த ஆயிலும் பம்புக்கு எட்டவில்லை. ஸ்கூட்டரில் ஆயில் பார்க்காமல் ஓட்டினால் என்ன ஆகுமோ அதேதான்! 479 பேரை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள், மிச்சப் பேரோடு கப்பல் மறுநாள் மோல்டே துறைமுகம் போய்ச் சேர்ந்தது.

கே: சின்ன ரைஸ் குக்கர் கொண்டு போகலாமா? மாமியாருக்கு ரசம் சாதம் இல்லாமல் முடியாது. – வாசகி, விருதுநகர்

முடியாது. குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் ஏறும்போதே ஸ்கேனரில் பார்த்து வாங்கி வைத்துக்கொள்வார்கள், இறங்கும்போது தருவார்கள். கடலில் தீயைவிடப் பெரிய பயம் கிடையாது. மாமியாருக்கு, மூடி பிரிக்காத பாக்கெட்டில் பருப்புப்பொடியும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு, வெறும் சாதம் வேண்டும் என்று சாப்பாட்டுக்கூடத்தில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்கள் ஆட்கள் யாராவது ஒருவர் சமையலறையில் இருப்பார், ரசமே கிடைத்தாலும் கிடைக்கும்.

கே: கப்பல் ஒரு தீவில் நிற்காமலே போய்விட்டது. அந்தத் தீவுக்காகத்தான் போனோம். ஏஜென்ட் பணம் தரமாட்டேன் என்கிறார். கேஸ் போடலாமா? – வாசகர், சென்னை

டிக்கெட்டோடு ஓர் ஒப்பந்தம் வந்திருக்கும், பொடி எழுத்தில், 20 பக்கம். அதில் "எந்தத் துறைமுகத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றவோ விடவோ எங்களுக்கு உரிமை உண்டு" என்ற பொருளில் ஒரு வரி இல்லாமல் இருக்காது. நின்றிருந்தால் கட்டியிருக்க வேண்டிய துறைமுக வரி மட்டும் கேபின் கணக்கில் திரும்பி வரும், கப்பல் மூலமாகப் பதிவு செய்த ஊர் சுற்றும் காசும் வரும். வெளியே தனியாகப் பதிவு செய்திருந்தால் அந்த ஆளிடம்தான் கெஞ்ச வேண்டும். பெரும்பாலும் காற்றுதான் காரணம். சின்னத் தீவுகளில் கப்பலைக் கட்டி நிறுத்த மேடை இருக்காது, தூரத்தில் நங்கூரம் போட்டு டெண்டர் படகில் கரைக்கு அனுப்புவார்கள், அலை கொஞ்சம் எழும்பினாலும் வயசானவர்களைப் படகில் இறக்க முடியாது. எப்போதும் காற்று மட்டுமே காரணம் என்றும் இல்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து போன கப்பல் புதுச்சேரி வரை வந்து, அங்கே அனுமதி கிடைக்காமல், ஆட்களை இறக்காமலே திரும்பியது.

கேஸ் விஷயம்: எந்த ஊர் கோர்ட் என்பதும் அந்தப் பொடி எழுத்தில் இருக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பெண் ஒருவர் மெக்சிகோ பக்கம் கப்பலில் வழுக்கி விழுந்து சொந்த ஊரில் வழக்குப் போட்டார். டிக்கெட்டில் ஃப்ளோரிடா என்று அச்சடித்திருக்கிறது, அங்கேதான் போக வேண்டும் என்று 1991இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு. நீங்கள் ஏஜென்டிடம் கட்டிய ரசீதை வைத்துக்கொண்டு முதலில் இங்கே ஒரு வக்கீலிடம் கேளுங்கள். ஏஜென்ட் வாய்மொழியாக ஏதாவது உத்தரவாதம் கொடுத்திருந்தால் அதை எழுத்தில் வாங்கியிருக்கிறீர்களா? இல்லைதானே.

கே: கப்பல் நமக்காகக் காத்திருக்காதா? – வாசகர், மதுரை

காத்திருக்காது. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவ் டோமே தீவில் நார்வீஜியன் டான் கப்பலின் பயணிகள் 8 பேர், கப்பல் ஏற்பாடு செய்யாத தனிச் சுற்றுலா போய்த் தாமதமாக வந்தார்கள். கப்பல் இன்னும் கண்ணெதிரே நங்கூரத்தில் நிற்கிறது, உள்ளூர்க் கடலோரக் காவல் படகே அவர்களை ஏற்றிக்கொண்டு பக்கத்தில் போகிறது, கேப்டன் ஏற்றிக்கொள்ளவில்லை. துரத்திக்கொண்டு நாடு நாடாகத் தாண்டி காம்பியா வரை போனால், அங்கே நீர்மட்டம் சரியில்லை என்று கப்பல் கரைக்கே வரவில்லை! அப்புறம் செனகலின் டக்காரில்தான் கப்பலைப் பிடிக்க முடிந்தது. அவர்கள் பாஸ்போர்ட்டையாவது கப்பல்காரர்கள் கரையில் ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள், அது நல்ல வழக்கம்.

கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் வழக்கமாகக் கப்பல் நிற்கும், இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது அவர்கள் செலவு. காசு அதிகம்தான், அந்த அதிகம் இதற்குத்தான். தனியாகப் போகிறவர்கள் கடைசி நேரத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னதாகவே துறைமுகத்தில் இருங்கள். இன்னொன்று, நிறையப் பேர் மாட்டிக்கொள்வது கடிகாரத்தில். கப்பலுக்கென்று ஒரு நேரம் உண்டு, ஊர் நேரம் வேறாக இருக்கலாம், உங்கள் போன் கரையில் இறங்கியதும் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். கையில் பழைய முள் கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு போங்கள். கப்பலில் ஏறுகிற பாதையான கேங்வேயில் நின்று நான் பார்த்த ஓட்டங்களை ஒலிம்பிக்கில்கூடப் பார்த்ததில்லை, ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் பிள்ளை.

கே: கப்பலில் எல்லோருக்கும் வாந்தி பேதி வருமாமே? – வாசகி, ஈரோடு

எல்லோருக்கும் வராது, வந்தால் கூட்டமாக வரும். நோரோ வைரஸ். கப்பலில் பிறந்த நோய் இல்லை, 1968இல் அமெரிக்காவின் நார்வாக் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பரவியதால் வந்த பெயர். மூடின இடம், ஒரே கைப்பிடி, ஒரே பஃபே கரண்டி, 3,000 பேர், அதனால் கப்பலுக்குக் கெட்ட பெயர். தொற்றி 12 முதல் 48 மணி நேரத்தில் ஆரம்பிக்கும், ரெண்டு மூன்று நாளில் போய்விடும். வாசலில் வைத்திருக்கிற சானிடைசரைத் தடவிக்கொண்டு நிம்மதியாகப் போகாதீர்கள், இந்த வைரஸுக்கு அது சரியாக வேலை செய்யாது. சோப்பு, தண்ணீர், தேய்த்துக் கழுவல்.

ஒரு தடவை நாங்கள் போன கப்பலில் பரவிவிட்டது. பஃபேயில் பயணிகள் கரண்டியைத் தொடக்கூடாது, நாங்கள்தான் கையுறையோடு பரிமாற வேண்டும் என்று உத்தரவு. வரிசை நீண்டு எல்லோரும் எங்களைத் திட்டினார்கள். அதில் ஒருவர், முகம் வெளிறி, வேர்த்து, தட்டில் ஒன்றுமே வைக்காமல் நின்றார். கேட்டால் ராத்திரியெல்லாம் வாந்தி, டாக்டரிடம் சொன்னால் கேபினில் அடைத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை, கல்யாண நாளாம். மூன்றாம் நாள் அவர் மேஜையில் சாப்பிட்ட எட்டுப் பேரும் கேபினில், எனக்கும் வந்தது. தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

அலையால் வருகிற குமட்டல் வேறு. ஊட்டி பஸ்ஸுக்குப் போடுகிற அவோமின் மாதிரி மாத்திரையை டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே போட வேண்டும், வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். தூக்கம் வரும். இஞ்சி மரப்பா எனக்கு உதவியது. கேபின் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் இருந்தால் ஆட்டம் குறைவு. மேலே முன்பக்கத்து பால்கனி கேபின்தான் விலை ஜாஸ்தி, ஆட்டமும் ஜாஸ்தி.

கே: 72 வயது அம்மாவை அழைத்துப் போகலாமா? சர்க்கரை, பிபி உண்டு. – வாசகர், திருச்சி

அழைத்துப் போகலாம், இன்சூரன்ஸ் இல்லாமல் வேண்டாம். இங்கே இருக்கிற மருத்துவ பாலிசி பெரும்பாலும் இந்தியாவுக்குள்தான். கப்பல் மருத்துவமனை இலவசம் இல்லை, பில் கேபின் கணக்கில் ஏறும், கட்டிவிட்டு அப்புறம் நீங்கள் கிளெய்ம் செய்துகொள்ள வேண்டும். பெரிய பிரச்சினை என்றால் கரைக்கு இறக்குவார்கள், அங்கிருந்து ஊர் திரும்புகிற செலவுதான் சொத்தை விற்க வைக்கும். பாலிசியில் கடல் பயணம் உண்டா, ஏற்கெனவே உள்ள நோய் உண்டா, ஹெலிகாப்டர் செலவு உண்டா என்று இந்த மூன்றையும் கேளுங்கள், சர்க்கரையை மறைக்காதீர்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டி கேபினுக்கு வர ராத்திரி ஆகிவிடும்.

கே: போன் பில் 38,000 ரூபாய் வந்திருக்கிறது! – வாசகர், சேலம்

கடல் நடுவே உங்கள் போன் பிடித்தது கப்பலின் சொந்த டவரை, அது சாட்டிலைட் வழியாகப் போகிறது, சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது. ஏறியதும் ஃப்ளைட் மோட், வேண்டுமானால் வைஃபை மட்டும். கம்பெனியிடம் பேசிப் பாருங்கள், கொஞ்சம் குறைப்பார்கள். சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஏறுகிறவர்கள் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: திரும்பி வந்து இறங்குவது இரண்டாவது நுழைவு, உங்கள் விசா பல முறை நுழைவதற்கானதாக இருக்க வேண்டும்.

கே: ஜன்னல் இல்லாத கேபின் பாதி விலை. எடுக்கலாமா? – வாசகி, நாகர்கோவில்

தாராளமாக. தூங்கத்தானே போகிறீர்கள், நானும் 11 வருடம் ஜன்னல் இல்லாமல்தான் தூங்கினேன். ஒன்று மட்டும், விளக்கை அணைத்தால் காலை பத்தும் நடுராத்திரியும் ஒன்றாகத்தான் இருக்கும், அலாரம் வையுங்கள். அந்த டிரையம்ஃபில் கரண்ட் போனபோது உள் கேபின்காரர்கள்தான் இருட்டிலும் புழுக்கத்திலும் இருக்க முடியாமல் மெத்தையை இழுத்துக்கொண்டு டெக்குக்கு வந்து படுத்தார்கள். ஒரு சின்ன டார்ச் எடுத்துப் போங்கள், அதை ஸ்கேனரில் பிடுங்கமாட்டார்கள்.